கத்தியில் ஒட்டிய கறுப்பு

ஈரத்தோல் மேல் இரும்புக் கத்தியை வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. தோல் வேலையில் கை வைத்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். காலையில் பார்த்தால் கத்தி கிடந்த இடத்தில் அதே வடிவில் கறுப்பு படிந்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். கத்தியிலும் துரு.

மரப்பட்டையிலோ கடுக்காயிலோ பதனிட்ட தோலுக்குள் டானின் இருக்கிறது. ஈரத்தில் கரையும் இரும்பு அதோடு சேர்ந்தால் கருநீலம். தோலைக் கெடாமல் காக்கிற சரக்கேதான் அதை அறுக்கிற கருவிக்கு வில்லன்.

இரும்புக்கு முன்னால் இந்தத் தொல்லை கிடையாது. பிரான்சின் தென்மேற்கே, தோர்தோன் பகுதியில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக் கருவிகளைப் பற்றி 2013இல் ஒரு ஆய்வு வந்தது. சுமார் 50,000 ஆண்டுப் பழசு. விலா எலும்பின் முனையால் தோலைத் தேய்த்து மழமழப்பாக்கியிருக்கிறார்கள். முனையில் ஏறிய தேய்மானத்தையும் பளபளப்பையும் வைத்துத்தான் அதன் வேலை என்னவென்று கண்டுகொண்டார்கள்.

எகிப்தின் தீப்ஸில், கி.மு. 15ஆம் நூற்றாண்டு அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் தோல்காரர்கள் அரைநிலாக் கத்தியோடு வேலை செய்கிறார்கள். இன்றைக்குச் சேணம் தைப்பவரிடம் அதைக் கொடுத்தால் எப்படிப் பிடிப்பது என்று கேட்க மாட்டார். சுமார் 3,500 வருஷமாக இன்டர்ஃபேஸ் மாறவில்லை! எங்கள் துறையில் மூன்று வருஷம் தாங்கினாலே கேக் வெட்டுவோம். மாறியது உலோகம்தான். எஃகு வந்ததும் கூர் நின்றது, கறையும் கூடவே வந்தது.

அந்தக் கறைக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சி உண்டாக்கும் முண்டுகளோடு அன்னபேதியைச் சேர்த்து மை செய்தார்கள். இங்கே கடுக்காயும் அன்னபேதியும். கலம்காரியின் கறுப்புக் கோடும் இதே சங்கதிதான்: வெல்லத்தண்ணீரில் ஊறிய இரும்பு, கடுக்காய் ஏற்றிய துணி. ஆக, தோல்காரர் சாயங்காலம் கத்தியிலிருந்து துடைத்தெறிவது கிட்டத்தட்ட எழுதுகிற மை.

எழுத்தில் அவர் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கல்லறைச் சுவரில் ரெக்மிரேயின் பெயர் இருக்கிறது. கத்தி பிடித்தவர் பெயரில்லாத ஒரு உருவம். நம் ஊர்க் கதை இன்னும் கசப்பு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் 19ஆம் நூற்றாண்டில் லண்டனுக்குக் கப்பலேறியது. சரக்குக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ என்று மவுசான பெயர் கிடைத்தது. குழிக்குள் இறங்கி அதைப் புரட்டியவருக்குக் கிடைத்தது தீண்டாமை.

1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் பதனிடலுக்குக் காப்புரிமை வாங்கினார். குரோம் தோலில் இந்தக் கறுப்புத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் கருவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்படியேதான் இருக்கிறது: கத்தியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் பூசணும், குத்தூசி முனையைத் தேன்மெழுகில் குத்தி எடுக்கணும். கூர் தீட்டுவது தோல்வாரில்தான், சவரக்கத்தி தீட்டுகிற மாதிரி. முன்னால் தள்ளினால் வார் அறுந்துவிடும். எவ்வளவு அவசரமானாலும் பின்னோக்கித்தான் இழுக்கணும்.