ஒரு பேர் கூடினால்

கேம்பஸ் கிடைத்த வருடம், ரத்தொட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த எங்கள் தோழி ஒருத்தி, அம்மா அப்பாவின் சம்பளத் துண்டுகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வருமானச் சான்றிதழுக்காக மூன்று தடவை அலைந்தாள். "ரெண்டு பேரும் வேலை செய்றாங்கதானே?" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டார்களாம். அதற்குப் பிறகுதான் இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் தேட ஆரம்பித்தோம்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது அதில் வருமானக் கோடு எதுவும் இருக்கவில்லை. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க எழுபதுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேராதனை வளாகம் 1952இலேயே வந்துவிட்டது. மாத்தளையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், ஆனால் லயத்திலிருந்து அது வெகு தூரம்.

மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது. வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் திட்டம் அது. பணம் மகாபொல கண்காட்சிகளிலிருந்தும் லொத்தரிலிருந்தும் வந்தது. (எங்கள் அப்பாமார் டவுனில் வாங்கிய டிக்கட்டும் அதில் சேர்ந்திருக்கும்.) பட்டம் இலவசம்தான். சாப்பாட்டுக்கும் போர்டிங்குக்கும் காசு வேணும் என்றால், குடும்ப வருமானத்தை எழுதிக் காட்ட வேண்டும்.

எங்கள் காலத்தில் கோடு வருடத்துக்கு 5 இலட்சம். 2021இல் தோட்டச் சம்பளம் நாளுக்கு 1000 ரூபாய் ஆனது. வெறும் கணக்காய்ப் பாருங்கள்: அம்மாவும் அப்பாவும் மாதம் ஆளுக்கு 20 பேர் போட்டால் வருடத்துக்கு 4,80,000. 21 பேர் போட்டால் 5,04,000. ஒரேயொரு பேர்தான் வித்தியாசம். ஈ.பி.எப்., சங்கச் சந்தா, கடன் எல்லாம் வெட்டிய பிறகு கைக்கு வருவது வேறு தொகை. அதை யாரும் கேட்பதில்லை.

டவுனில் கடை வைத்திருப்பவர் தன் வருமானத்தைத் தானே சொல்லலாம். அவரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் துண்டு கிடையாது, அவ்வளவுதான். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் துண்டு உண்டு. 1921 வரை 'துண்டு' என்றால் வேறொன்று: தொழிலாளியின் கடனைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தமுறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆனால் செக்ரோல் நின்றது. ஆளைக் கட்டிவைக்க எழுதிய கணக்கு, இன்று பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று பார்க்கவும் உதவுகிறது.

இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீத ஒதுக்கீடு உண்டு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, மாத்தளை இல்லை. மாவட்டச் சராசரியில் எல்கடுவையும் ரத்தொட்டையும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2015இல் 5000 ஆன மகாபொல, 2022இன் விலையேற்றத்திலும் 5000ஆகவே இருந்தது. 7500 ஆக்கியது 2025 வரவுசெலவுத் திட்டத்தில்.

எங்கள் தோழிக்குக் கிடைத்தது. அவள் அப்பா கால் வலியில் இரண்டு மாதம் வேலைக்குப் போகாத வருடம் அது. அதனால் கூட்டுத்தொகை கோட்டுக்குக் கீழே வந்திருந்தது.