எட்டடிக்கு நாலடியில் ஒரு வீடு

இந்த வாரம் ஆபீசில் ஆணி கொஞ்சம் குறைவு. கிராஃப் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன். கார் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி, ராத்திரி படுத்துத் தூங்க ஒரு குட்டி டிரெய்லர். நானே கட்டப்போகிறேன் என்றதும் தங்கமணி சொன்னது: "புனேக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அந்த செருப்பு ஸ்டாண்டையே இன்னும் முடிக்கலை." நியாயம்தான் :-)

சரி, நமக்கு முன்னால் யாரெல்லாம் இப்படிக் கிளம்பினார்கள் என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

1885ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை டாக்டர், குதிரைகள் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றை பிரிஸ்டலில் சொல்லிச் செய்தார். பெயர் 'வாண்டரர்'. ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே செய்த வண்டிகளில் அது முன்னோடி. ஆனால் அதெல்லாம் காசுள்ளவர்கள் சமாச்சாரம்.

நம்மைப் போன்றவர்களின் ஆள் அமெரிக்காவின் வாலி பையம். லாஸ் ஏஞ்சலீஸில் பத்திரிகை நடத்தியவர். அவருடைய பத்திரிகையில் வந்த டிரெய்லர் பிளானைப் பார்த்துக் கட்டிய வாசகர்கள், சரியாக வரவில்லை என்று புகார் எழுதினார்கள். மனிதர் சமாதானம் சொல்லித் தப்பிக்கவில்லை. தானே கட்டிப் பார்த்தார். பிளானில்தான் கோளாறு!

அவர் வீட்டுத் தங்கமணி மரியனுக்கு, அடுப்படி இல்லாமல் காட்டுக்கு வர இஷ்டமில்லை. எனவே ஃபோர்டு மாடல் டி காரின் சேசிஸ் மேல் கூடாரம் போட்டார். மழை வந்தால் அவஸ்தை. அடுத்து, கண்ணீர்த்துளி வடிவில் மரக்கூண்டு, உள்ளே ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு. நூறு டாலரில் கட்டுவது எப்படி என்று அவர் எழுதிய கட்டுரை பிரபலமாகி, பிளான்களைத் தபாலில் விற்றார். அந்தப் பிளான் வியாபாரம் வளர்ந்துதான் ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி ஆனது. 1936ல் வந்த, ரிவெட் அடித்த அலுமினிய 'கிளிப்பர்' வண்டி 1,200 டாலர். அந்த அலுமினிய உடலுக்கு வழிகாட்டி, 1934ல் ஹாலி பௌலஸ் செய்த 'ரோடு சீஃப்'. பௌலஸ், லிண்ட்பெர்க்கின் விமானம் கட்டியபோது மேற்பார்வை பார்த்தவர்.

இதெல்லாம் பொருளாதாரப் பெருமந்தக் காலம். சிலருக்கு டிரெய்லர் உல்லாசம், வேலையும் நிலமும் போனவர்களுக்கு அதுவேதான் வீடு. போர் வந்ததும் அலுமினியம் விமானங்களுக்குப் போய்விட்டது. தொழிற்சாலைக்கு வந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களில் குடியிருந்தார்கள்.

போர் முடிந்தது. மிச்சமிருந்த ராணுவ அலுமினியம் மலிவாகக் கிடைத்தது. 1947ல் 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' போன்ற பத்திரிகைகள் கண்ணீர்த்துளி டிரெய்லருக்குப் பிளான் போட, வீட்டுக்கு வீடு ரம்பம் எடுத்தார்கள். வண்டி ஏன் பெரும்பாலும் நாலடி அகலம், எட்டடி நீளம்? பிளைவுட் பலகையின் அளவு அதுதான். பக்கச் சுவருக்கு ஒரு முழுப் பலகை, வெட்டி வீணாவது குறைவு. உள்ளே படுக்கை மட்டும். பின்கதவைத் தூக்கினால் சமையலறை. சமைப்பவர் வெளியே நிற்பார். உயரம் குறைவு, எடை குறைவு, சின்னக் காரே இழுத்துவிடும்.

இங்கேயும் பிளைவுட் அதே எட்டுக்கு நாலுதான். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவு செய்யாமல் ரோட்டில் ஏற்ற முடியாது. முதலில் ஆர்டிஓ, அப்புறம்தான் ரம்பம்.

பையம் கதை படித்த சூட்டில், பேப்பரை நம்பாமல் மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டுக்கு நாலு கோடு போட்டேன். தங்கமணியைக் கூப்பிட்டு இரண்டு பேரும் உள்ளே படுத்துப் பார்த்தோம். கச்சிதம். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பொண்ணு கேட்டாள்: "அப்பா, நான் எங்க படுக்கறது?"

கொஞ்சம் கொசுவத்தி சுத்தியது. தாத்தாவின் கூண்டு வண்டியில் திருவிழாவுக்கு ஏழு பேர் போவோம். வைக்கோல் மேல் ஜமுக்காளம், அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு இடம் என்று யாரும் அளந்ததில்லை.

அந்த அமெரிக்க பிளான் இரண்டு பேருக்கானது. அதில் தப்பில்லை. நாங்கள் மூன்று பேர், அம்மா ஊரிலிருந்து வந்தால் நாலு. பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைய ஆரம்பித்திருக்கிறேன்.

டிஸ்கி: செருப்பு ஸ்டாண்டு இந்த ஞாயிறு முடிந்துவிடும். நம்புங்கள்.