கொழுந்து லொறி எந்தத் தொழிற்சாலைக்குப் போகவேண்டும்?

பறித்த கொழுந்து காத்திருக்காது. சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அந்தத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைக்காது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். லொறி சுமப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆகவே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எந்த இடத்துக் கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்கு ஏற்றுவது என்பது பெரிய காசுக் கணக்கு.

இதற்குக் கணிதத்தில் தனியாக ஒரு பிரிவே உண்டு. லெனின்கிராட்டில் கன்ரொரோவிச் 1939இலும், அமெரிக்காவில் ஹிச்கொக் 1941இலும் இத்தகைய கணக்குகளை எழுதினார்கள். 1947இல் டான்சிக் அவற்றைத் தீர்க்கும் பொதுவான வழியைக் கண்டார். இன்று சாதாரண மடிக்கணினியே போதும்.

ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு இடங்கள்; ஒவ்வொன்றிலும் 3,000 கிலோ கொழுந்து. ஆற்றோரம், சந்தியடி என்று இரண்டு தொழிற்சாலைகள். ஒவ்வொன்றும் 3,000 கிலோதான் எடுக்கும். மேல்கணக்கிலிருந்து ஆற்றோரத்துக்குக் கிலோவுக்கு 4 ரூபா, சந்தியடிக்கு 6 ரூபா. கீழ்கணக்கிலிருந்து ஆற்றோரத்துக்கு 5, சந்தியடிக்கு 12. மேல்கணக்கு தனக்கு மலிவான ஆற்றோரத்தைப் பிடித்துக்கொண்டால் கீழ்கணக்கு 12 ரூபா கொடுத்துச் சந்தியடிக்குப் போகவேண்டும். மொத்தம் 48,000 ரூபா. மாற்றி அனுப்பினால் 33,000. ஒரே நாளில் 15,000 ரூபா மிச்சம்.

சரி, அந்த மிச்சம் யாருக்கு? மேல்கணக்குக்காரர் இப்போது கிலோவுக்கு 2 ரூபா கூடுதலாகக் கொடுக்கிறார். இலங்கையில் சிறுதோட்டக்காரரின் கொழுந்து விலைக்குச் சூத்திரம் இருக்கிறது: ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. ஆனால் ஏற்றுகூலியைக் கொழுந்துக் காசில் கழித்தால், ஊருக்கு இலாபமான திட்டமே அவருக்கு நட்டம். மிச்சத்திலிருந்து அந்த 2 ரூபாவைத் திருப்பிக் கொடுக்க 6,000 ரூபா போதும். கொடுத்தபின்னும் 9,000 இருக்கும். இதைத் திட்டத்தோடு சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் கருத்து.

1977, 1981, 1983 வன்முறைகளில் மலையகத் தோட்டங்களைவிட்டு வவுனியா, கிளிநொச்சிக்கு வந்த குடும்பங்களுக்கு மடுவம் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. (வன்னியில் நெல்லை எந்தக் களஞ்சியத்துக்கு அனுப்புவது என்பதும் இதே கணக்குத்தான்.) லொறி முந்திப் புறப்பட்டால் மடுவத்தில் நிறுவையும் முந்தும். கிலோக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது இரண்டு மூன்று கிலோ குறைவு. அந்தக் கிலோக்களைச் செலவு என்று எழுதாவிட்டால் கணினிக்கு அவை இல்லவே இல்லை. டீசலைக் குறைத்துவிட்டு, சிறந்த விடை கிடைத்தது என்றே சொல்லும்.

எழுதிச் சேர்க்க வழியுண்டு. ‘இத்தனை மணிக்கு முன் எந்த மடுவத்திலும் நிறுவை இல்லை’ என்பதை ஒரு நிபந்தனையாகக் கொடுக்கலாம். கணினி அதற்குள் நின்று வேறு விடை தேடும். அந்த நிபந்தனையால் ஏற்றுகூலி எத்தனை ரூபா கூடுகிறது என்பதையும் காட்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கவேண்டிய எண் அது.