உடைந்த ஓடும் சூளைச் சுவரும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலை வாசல்களில் ஏற்றப்படும் மண் அகல் சூளையில் வெந்து வருவது. அகல் எஞ்சுகிறது, சூளை எஞ்சுவதில்லை. மட்பாண்டத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கல் இதுவே.

தமிழகக் குயவர்களின் திறந்தவெளிச் சூளைக்கு நிலையான கட்டடம் கிடையாது. தரையில் விறகும் வறட்டியும் பரப்பி, காய்ந்த கலங்களை அவற்றின்மேல் அடுக்கி, வைக்கோல் போர்த்திச் சேறு பூசுவர். முந்தைய சூளையில் விரிசல்விட்ட பானைகளும் உடைந்த ஓடுகளும் அடுக்கின் விளிம்பிலும் மேற்புறத்திலும் இடம்பெறும். பச்சைக் கலத்தை நேரடி அனல் தாக்கினால் அது வெடிக்கும். ஒருமுறை வெந்த ஓடு அவ்வனலைத் தாங்கும். இடுக்குகளில் காற்றுக்கும் வழிவிடும். ஆகவே இங்கு உடைசல் கழிவன்று, கட்டுமானப் பொருள்.

செங்கல் சுடும் காளவாயிலும் இதே முறைமை உண்டு. சுடப்படும் கற்களே சுவராகின்றன. வெளிவரிசையில் அரைவேக்காட்டில் நின்றவை அடுத்த காளவாய்க்குப் போகின்றன. 1971இல் புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்துடன் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவிய ரே மீக்கர், 1980களில் பச்சைச் செங்கல்லால் வீடு எழுப்பி, உள்ளே சுடவேண்டிய கற்களை அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். புதுமை எனப் பாராட்டப்பட்ட இம்முயற்சியின் அடிப்படை காளவாயில் முன்னரே உள்ளது.

இலக்கியச் சான்று இவ்வகையில் குறைவு. புறநானூற்றின் 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார் குயவரை விளிக்கையில் சூளையின் புகையைக் காட்டுகிறார், அமைப்பைக் கூறவில்லை. இரங்கற்பாடலில் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. பல்லவர் செப்பேடுகள் குறிக்கும் குசக்காணம் என்னும் வரியும் குயவரை அடியொற்றிப் பெயர்பெற்றதே. சூளையின் வடிவம் குறித்து அப்பெயரிலிருந்து எதுவும் பெற இயலாது.

எனவே ஓடுகளையே சான்றாகக் கொள்ளவேண்டியுள்ளது. அகழாய்வில் சாம்பலுடன் கிடைக்கும் ஓட்டுக்குவியல் குப்பைக்குழி என எளிதில் பதிவாகிவிடும். அவ்வாறு பதிவதற்குமுன் ஓட்டின் உடைந்த விளிம்பை நோக்குதல் வேண்டும். விளிம்பிலும் கரி படிந்திருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ, அது உடைந்தபின் மீண்டும் அனலைக் கண்ட ஓடு. கறுப்பு-சிவப்புக் கலத்தில் இது தெளிவாகப் புலப்படும். காற்றோட்டமுள்ள வெப்பத்தில் கரி எரிந்து கறுப்பு வெளிறிவிடுகிறது. அடுப்படியில் கிடந்த ஓட்டுக்கும் இந்நிலை நேரலாம் என்பதால் ஓரிரு ஓடுகளைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. வைக்கோல் தடம் பதிந்த வெந்த சேற்றுக்கட்டிகளும் அதே மண்ணடுக்கில் ஓடுகளோடு சேர்ந்து கிடைக்குமாயின், அக்குவியலைச் சூளையின் எச்சமாகக் கருத இடமுண்டு.