பழைய வரைபடமும் ஏழைகள் விடுதியும்

இங்கிலாந்தில் ஏழை முதியோர் விடுதிகள் உண்டு. ஒஸ்லோவின் பழைய படத்தில் அத்தகைய விடுதியைத் தேடுவோர் ஆக்கர்ஷூஸ் கோட்டையை விட்டுக் கிழக்கே, எக்கபெர்க் அடிவாரத்தைப் பார்க்கவேண்டும்.

1624இல் மரவீடுகள் மூன்று நாள் எரிந்தபின், மன்னர் நான்காம் கிறிஸ்தியான் நகரைக் கோட்டையருகே மாற்றி, நூல்பிடித்தாற்போல் வீதிகள் அமைத்து, கிறிஸ்தியானியா எனத் தம் பெயரையே சூட்டினார். ஏழைகளின் விடுதியோ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 1538இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்தில் தோன்றிய ஒஸ்லோ ஹொஸ்பித்தால் அதுவே. அக்காலத்தில் ஹொஸ்பித்தால் என்றால் மருந்தைவிடக் கஞ்சியும் கட்டிலுமே பெரிது. நம்மூர் மடங்களையும் சத்திரங்களையும் நினைத்துக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் மனநோயாளருக்கும் அங்கே இடமுண்டாயிற்று.

முழுநகரும் மீண்டும் ஒஸ்லோவானது 1925இலேதான். அதுவரை, மன்னர் கைவிட்ட பெயரை ஏழைகளின் விடுதி சுமந்து நின்றது.