வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொடுப்பதா: கர்ட் ஃபிளட்டும் ஒரு விதியின் இரு வாசிப்புகளும்

பேஸ்பால் ஆட்டத்தில் மைதானத்தின் தொலைப்பகுதியைக் காப்பவர்கள் மூவர்: இடப்புறம் ஒருவர், நடுவில் ஒருவர், வலப்புறம் ஒருவர். இவர்களை அவுட்ஃபீல்டர்கள் என்பர். ஆட்டப்பருவம் முடிந்ததும் அமெரிக்க அணி நிர்வாகங்கள் இவர்களுள் யாரை வைத்துக்கொள்வது, யாரை வேறு அணிக்குக் கொடுத்து மாற்று ஆள் பெறுவது என்று கணக்கிடத் தொடங்கும். மட்டையின் வலிமை, கால்களின் வேகம், எறியும் கையின் உறுதி, வயது, ஊதியம் ஆகிய அனைத்தும் அக்கணக்கில் இடம்பெறும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அதில் இடம்பெறாதிருந்தது ஒன்றுதான்: அந்த ஆட்டக்காரரின் விருப்பம். அதை இடம்பெறச் செய்வதற்காகத் தம் ஆட்டவாழ்வையே பணயம் வைத்தவர் கர்ட் ஃபிளட் என்னும் அவுட்ஃபீல்டர்.

ஆட்டக்காரரின் விருப்பத்தை விலக்கி வைத்தது ‘ரிசர்வ்’ விதி. 1879-இல் நேஷனல் லீக் அணிகளின் உரிமையாளர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களுள் ஐவரைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். பிற அணிகள் அவர்களை அழைக்கக் கூடாது. ஊதியம் உயராமல் தடுப்பதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே இந்த ஐவர் பலராகி, ஏறத்தாழ அணி முழுவதும் அவ்வேலிக்குள் வந்தது. பின்னர் அது ஒப்பந்தப் படிவத்திலேயே ஒரு பிரிவாக நிலைபெற்றது. ஆட்டக்காரர் புதிய ஒப்பந்தத்துக்கு உடன்படாவிடில், பழைய ஒப்பந்தத்தை அதே நிபந்தனைகளுடன் ஓராண்டுக்கு நீட்டிக்க அணிக்கு உரிமை உண்டு என்பது அப்பிரிவின் சாரம். ‘அதே நிபந்தனைகள்’ என்பதில் நீட்டிக்கும் உரிமையும் அடங்கும் என்று உரிமையாளர்கள் வாசித்தனர். அவ்வாறு வாசித்தால் அந்த ஓராண்டு ஒருபோதும் முடியாது. ஒவ்வொரு நீட்டிப்பும் அடுத்த நீட்டிப்பைத் தன் வயிற்றில் சுமந்தே பிறக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு நீதிமன்றமும் துணைநின்றது. பேஸ்பால் ஆட்டங்களை நடத்துவது மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் ஆகாது. எனவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். 1953-இல் டூல்சன் வழக்கிலும் அதே நிலைப்பாடு உறுதிசெய்யப்பட்டது.

இவ்விதியின்கீழ் ஆட்டக்காரர்கள் எவ்வாறு கைமாறினர் என்பதற்கு ஒரே பள்ளியில் பயின்ற மூவரின் கதை போதும். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலுள்ள மெக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர்கள் ஃபிராங்க் ராபின்சன், வாடா பின்சன், கர்ட் ஃபிளட். மூவரும் கறுப்பினத்தவர், மூவரும் அவுட்ஃபீல்டர்களாகப் புகழ்பெற்றவர்கள், மூவரையும் முதலில் ஒப்பந்தம் செய்தது சின்சினாட்டி ரெட்ஸ் அணி. அவ்வணி மூவரையுமே பின்னர் வெளியே அனுப்பியது.

முதலில் அனுப்பப்பட்டவர் ஃபிளட். 1957 டிசம்பரில், இருபது வயதுகூட நிரம்பாத அவரையும் இன்னொருவரையும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குக் கொடுத்து, சின்சினாட்டி மூன்று பந்துவீச்சாளர்களைப் பெற்றது. அம்மூவருள் எவரும் அங்கு நிலைத்த இடம் பெறவில்லை. 1965 டிசம்பரில் ராபின்சனின் முறை வந்தது. முப்பது வயதுக்குரிய இளமை அவரிடம் இல்லை என்பது நிர்வாகத்தின் கணிப்பு. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குச் சென்ற ராபின்சன் மறுபருவத்திலேயே 49 ஹோம் ரன்கள் அடித்தார். அடித்தாட்டத்தின் மூன்று முதன்மைப் பட்டியல்களிலும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்று, அணிக்கு உலகத் தொடர் வெற்றியையும் ஈட்டித் தந்தார். 1968 அக்டோபரில் பின்சனும் கார்டினல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ஆக, சின்சினாட்டி கைவிட்ட இரு பள்ளித் தோழர்களும் 1969-இல் செயின்ட் லூயிஸ் மைதானத்தில் அடுத்தடுத்து நின்றனர்.

இவை நிர்வாகத்தின் மதிப்பீட்டுப் பிழைகள் என்று மட்டும் கடந்துவிடலாம். பேஸ்பால் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவ்வாறே பேசுகின்றன. ஆனால் மதிப்பீடு சரியாக அமைந்திருந்தாலும் நடைமுறை மாறியிருக்காது. ‘அணி அவரை வைத்துக்கொண்டது’, ‘அணி அவரைக் கொடுத்தது’ என்னும் வாக்கியங்களில் எழுவாய் எப்போதும் அணியே. ஆட்டக்காரர் எப்போதும் செயப்படுபொருளே.

ஃபிளட் பன்னிரண்டு பருவங்கள் கார்டினல்ஸ் அணியின் நடுக்களத்தைக் காத்தார். 1963 முதல் 1969 வரை ஆண்டுதோறும் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றார். 1964, 1967 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார். 1968 தொடரின் இறுதி ஆட்டத்தில் ஒரு பந்தின் போக்கைத் தவறாகக் கணித்தார், அணி தோற்றது. அடுத்த பருவத்தில் அணி தன் பிரிவில் நான்காம் இடத்துக்குச் சரிந்தது. 1969 அக்டோபரில், அவரும் வேறு மூவரும் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணிக்கு மாற்றப்பட்ட செய்தி தொலைபேசி வழியே அவரை வந்தடைந்தது. அப்போது அவருடைய ஆண்டு ஊதியம் 90,000 டாலர்.

அவர் செல்ல மறுத்தார். 1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பால் ஆணையர் போவி கூனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் விருப்பத்தைக் கருதாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமை அல்ல என்பதே அதன் உட்பொருள். ஆணையர் கோரிக்கையை ஏற்கவில்லை. 1970 ஜனவரியில் ஃபிளட் வழக்குத் தொடுத்தார். ஏகபோகத் தடைச் சட்டத்தோடு, அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தத்தையும் அவர் தரப்பு முன்வைத்தது. இவ்வளவு ஊதியம் பெறுபவர் அடிமையா என்ற ஏளனம் எழுந்தது. விலை உயர்ந்தது என்பதனாலேயே விற்பனை, விற்பனை அல்லாமல் ஆகிவிடுமா என்பதுதான் ஃபிளட் எழுப்பிய வினா.

ஆட்டக்காரர் சங்கம் வழக்குக்குத் துணைநின்றது. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆர்தர் கோல்ட்பர்க் அவருக்காக வாதாடினார். ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சனும் ஹேங்க் கிரீன்பர்க்கும் சாட்சியம் அளித்தனர். களத்தில் இருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

வழக்கு நடக்கும்போதே பண்டமாற்று தொடர்ந்தது. வராத ஃபிளட்டுக்கு ஈடாக வில்லி மொண்டான்யஸ் என்னும் இளைஞரைக் கார்டினல்ஸ் அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பியது. ஃபிலடெல்ஃபியாவோ, தனக்காக ஒருநாள்கூட ஆடாத ஃபிளட் மீதான உரிமையை வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்கு மாற்றி, மூன்று ஆட்டக்காரர்களைப் பெற்றது. 1970 பருவம் முழுவதையும் இழந்த ஃபிளட், 1971-இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் மட்டுமே ஆடி விலகினார்.

1972 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீதிபதி பிளாக்மன் தம் தீர்ப்பின் தொடக்கத்தில் பேஸ்பால் வீரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அடுக்கினார். பேஸ்பாலுக்கு மட்டும் தரப்பட்ட விலக்கு முரணானதே என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் நெடுங்காலம் நிலைத்துவிட்ட அம்முரணைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றமே என்று முடித்தார்.

ஆட்டக்காரர்களுக்கு விடுதலை வந்தது வேறொரு வழியில். 1970-இல் சங்கம் செய்த கூட்டு ஒப்பந்தத்தின் பயனாகப் பிணக்குகள் இசைவுத் தீர்ப்பாளரிடம் செல்லத் தொடங்கின. ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி ஆகிய இரு பந்துவீச்சாளர்கள் 1975 பருவத்தில் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஓராண்டு முடிந்தது, தம் கட்டும் முடிந்தது என்றனர். 1975 டிசம்பர் 23 அன்று தீர்ப்பாளர் பீட்டர் சைட்ஸ் அதை ஏற்றார். ஓராண்டு என்றால் ஓராண்டுதான். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. அதை வாசித்தவர் மட்டுமே மாறியிருந்தார். பல பத்தாண்டுகளாக ஆட்டக்காரர்களைக் கட்டிவைத்திருந்தது விதியின் சொற்களல்ல, உரிமையாளர்கள் அச்சொற்களுக்குத் தந்த பொருளே என்பது அன்று புலப்பட்டது.

இதற்கு முன்பே, 1973-இன் கூட்டு ஒப்பந்தத்தில் மற்றொரு விதி சேர்ந்திருந்தது. பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் இறுதி ஐந்தாண்டுகளை ஒரே அணியில் கழித்தவரை அவருடைய இசைவின்றி மாற்ற இயலாது. பன்னிரண்டு பருவங்கள் ஒரே அணிக்கு ஆடிய ஃபிளட்டுக்கு அப்படியொரு விதி 1969-இல் இருந்திருந்தால், ‘வேண்டாம்’ என்னும் ஒரு சொல்லே போதுமாக இருந்திருக்கும். அவர் 1997 ஜனவரியில் காலமானார். மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பை வழங்கிய 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்கியது.

யாரை வைத்துக்கொள்வது, யாரை மாற்றிக்கொடுப்பது என்னும் கணக்கு இன்றும் தொடர்கிறது. நம் ஐபிஎல் அணிகளும் ‘தக்கவைக்கப்பட்டோர்’, ‘விடுவிக்கப்பட்டோர்’ என்று பட்டியல் வெளியிடுகின்றன. இரண்டும் செயப்பாட்டு வடிவங்களே. ஆட்டமும் ஒரு தொழில் என்பதால் அணிகளின் கணக்கைக் குறை சொல்ல இயலாது. அக்கணக்கில் ஆட்டக்காரரின் இசைவுக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதே அப்பட்டியல்களைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி.