இரண்டு வேளைக் கறவை வந்த கதை

நம்ம பாட்டி காலத்தில் மாடு பாலுக்காக மட்டும் இல்லை. உழவுக்கும், வண்டிக்கும், எருவுக்கும்தான். கன்று குடித்தது போக மிச்சம்தான் வீட்டு மோருக்கு.

1946-ல் குஜராத்தின் ஆனந்த் பகுதியில் பால் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அந்த வழியிலேயே 1970-ல் குரியன் தலைமையில் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது. நம்ம பக்கமும் சொசைட்டியும் சினை ஊசியும் பரவின. சமவெளியில் ஜெர்சி கலப்பு மாடுகள் பெருகின. சொசைட்டி காலையும் மாலையும் பால் எடுத்ததால் கறவையும் கடிகாரப்படி ஆனது.

மடியில் பால் தேங்கினால் சுரப்பு குறையும்; மடி காலியானால் மறுபடி ஊறும். அதனால்தான் ஒரு வேளையை விட்டுட்டா மொத்தப் பாலும் குறையுது. இரவு இடைவெளி நீளமானால் காலையில் பால் அதிகம். மாலைப் பால் குறைவு, ஆனால் கொழுப்பு கூடுதல்.

நிறையக் கறக்கும் மாட்டை மூன்று வேளை கறந்தால் பால் இன்னும் கூடும். ஆனால் அதுக்கேத்த தீவனமும் தண்ணியும் வேணும். கோடை வெயிலில் கலப்பு மாடு தீனி எடுப்பதே குறைஞ்சிடும்.

விடியலில் எழுந்து சாணி அள்ளி, மடி கழுவிக் கறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் பல வீடுகளில் சொசைட்டி அட்டை ஆம்பளைங்க பேரில்தான் இருந்தது. குழுக் கடனில் மாடு வாங்கிய பிறகுதான் பால் காசு நம்மில் பலர் கைக்கு வந்தது. மூணாவது வேளை கறக்க நினைக்கும் சகோதரிகளே, கூடுதல் பாலின் காசில் தீவனச் செலவை மட்டும் இல்லை, நம்ம உழைப்புக்கான கூலியையும் கழித்துக் கணக்குப் பாருங்க.